குருதி எதைத் தொடுக்கிறது? தொடுப்பிழையம் பற்றி ஒரு மாணவி கேட்ட கேள்வி

மாலைவகுப்பு, தலவாக்கலை:

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், பயன்பாட்டில் இல்லாத பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பகம்) ஒன்றைக் கூட்டித் துடைத்து, சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவுள்ள பதினொரு பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் பயிற்றப்பட்ட ஆசிரியை அல்லள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் என்ற ஒரே தகுதியோடு இதைச் செய்து வருவதால், பாடக்குறிப்பில் உள்ளதைத் தாண்டி ஒரு கேள்வி வந்தால் தடுமாறிப்போகிறேன். சென்ற வாரமும் அதுவே நேர்ந்தது.

விலங்கு இழையங்களை, அதாவது ஒன்றுசேர்ந்து வேலை செய்யும் உயிர்க்கலங்களின் தொகுதிகளைத் தொடங்கி, மேலணியிழையம், தொடுப்பிழையம், தசையிழையம், நரம்பிழையம் என்று நான்கு பெயர்களைக் கரும்பலகையில் எழுதினேன். தொடுப்பிழையத்தின் கீழ் என்பு, கசியிழையம் (குருத்தெலும்பு), கொழுப்பிழையம், குருதி என்று வரிசையாக எழுதிக்கொண்டிருந்தபோது, மழையில் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி வந்திருந்த ஒரு மாணவியின் கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து குருதி வழிந்துகொண்டிருந்ததை மற்றப் பிள்ளைகள் காட்டினார்கள். அவள் அதைத் துடைத்துக்கொண்டே, “டீச்சர், என்பு தொடுக்கும், நார் தொடுக்கும், சரி. இது எதைத் தொடுக்குது?” என்று கேட்டாள்.

குருதி ஒட்சிசனையும் உணவையும் கொண்டு சென்று உறுப்புகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்துகிறது, ஆகவே அது தொடுப்பிழையம் என்று, குறிப்பில் உள்ளபடியே சொன்னேன். அவள் விடவில்லை. “அப்படின்னா நரம்பும் உறுப்புகளைத் தொடர்புபடுத்தத்தானே செய்யுது? அதை மட்டும் ஏன் தனியா வச்சிருக்காங்க?” என்றாள். அதற்கு மேல் என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த வகுப்பில் சொல்வதாகக் கூறி அனுப்பிவிட்டேன்.

அதே வகுப்பில் இன்னொரு பையன், கொழுந்து எடுக்கும் தன் தாயின் விரல்களில் கறுத்துத் தடித்திருக்கும் காய்ப்பு எந்த வகை இழையம் என்று கேட்டான். தோல் என்பதால் மேலணி என்று சொன்னேன். ஆனால் ஊசியால் குத்தினாலும் வலிக்காத அந்தத் தடிப்பை உயிருள்ள இழையம் என்று சொல்லலாமா என்ற ஐயம் எனக்கே உண்டு. இவ்விரண்டுக்கும் தெரிந்தவர்கள் விளக்கம் தந்தால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

பதுளை உயிரியல்:

வணக்கம் தங்கை. உங்கள் மாணவி கேட்டது, உயர்தர வகுப்பில் இருபது ஆண்டுகளாகப் பாடம் எடுக்கும் என்னிடம் இரண்டொரு பேர் மட்டுமே கேட்ட கேள்வி. “உறுப்புகளைத் தொடர்புபடுத்துவதால் குருதி தொடுப்பிழையம்” என்ற வரி நம் பாடக்குறிப்புகளில் ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதப்பட்டு வருகிறது. பரீட்சைத் தாளில் அதற்குப் புள்ளி கிடைக்கலாம், ஆயினும் அது காரணம் ஆகாது என்பதை அந்தப் பிள்ளை ஒரே எதிர்க்கேள்வியில் காட்டிவிட்டாள்.

இழையங்களை வகுத்தவர்கள் முதலில் பார்த்தது கலங்கள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பதையே ஆகும். அவை என்ன வேலை செய்கின்றன என்பது அதற்குப் பிறகு வருகிறது. பிள்ளைகள் வாழும் இடத்திலிருந்தே இதைக் காட்டலாம். தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்தில் பத்துக் காம்பராக்கள் நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு, இடையில் ஒரு விரல் நுழையவும் இடமின்றி, ஒரே அத்திவாரத்தின் மேல் ஒட்டி நிற்கின்றன அல்லவா? மேலணியிழையம் அப்படிப்பட்டது. கலமும் கலமும் நெருங்கி ஒட்டியிருக்கும், கலங்களுக்கு இடையே வேறு பொருள் அநேகமாக இராது, முழு வரிசையும் அடித்தள மென்சவ்வு என்னும் அத்திவாரத்தின் மேல் அமர்ந்திருக்கும். தோலின் மேற்பரப்பு, வாயின் உட்புறம், குடலின் உட்சுவர், வாதனாளியின் உட்சுவர், குருதிக்குழாய்களின் உட்பக்கம் என்று உடலில் எங்கெல்லாம் ஓர் உட்பரப்போ வெளிப்பரப்போ உண்டோ, அங்கெல்லாம் இந்த லயத்து வரிசையைக் காணலாம். ஒரு வரிசையாக இருந்தால் எளிய மேலணி, மாடி வீடுபோலப் பல அடுக்காக இருந்தால் படைகொண்ட மேலணி.

இனி லயத்தை விட்டு மலைப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். தேயிலைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நிழல் மரங்கள் நிற்கின்றன. மரங்களை விட, மரங்களுக்கு இடையே பரந்துகிடக்கும் தேயிலைதான் மலைக்கு அதன் தோற்றத்தைக் கொடுக்கிறது. தொடுப்பிழையத்தின் அமைப்பு இதுவே. கலங்கள் ஒன்றுக்கொன்று விலகிச் சிதறிக் கிடக்கும். அவற்றுக்கு இடையேயுள்ள பொருளே, அதாவது தாயமே, அந்த இழையத்தின் தன்மையைத் தீர்மானிக்கும். தாயத்தில் கல்சியம் உப்புகள் படிந்து இறுகியிருந்தால் அது என்பு. அழுத்தினால் நெகிழ்ந்து மீளும் பசைபோல இருந்தால் கசியிழையம். கொலாஜன் நார்கள் ஒரே திசையில் கயிறாக முறுக்கப்பட்டிருந்தால், தசையை என்போடு கட்டும் நாண். தாயம் திரவமாகவே இருந்துவிட்டால் அதுதான் குருதி. வளர்ந்த ஒருவரிடம் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி இருக்கிறது. அதில் பாதிக்குச் சற்று மேல், ஏறத்தாழ 55 வீதம், திரவவிழையம் என்னும் மஞ்சள் நிறத் தாயமே. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 50 இலட்சம் செங்குழியங்கள் இருந்தாலும், அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமல் அந்தத் திரவத்தில் தனித்தனியே மிதக்கின்றன. (கொழுப்பிழையத்துக்கு வரும்போது இந்த உவமை சற்று இடறும், அங்கே கலங்கள் பருத்து நெருங்கி, தாயம் மிகக் குறைவாக இருக்கும். பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.)

இரண்டாவது சான்று பிறப்பு. முளையத்தில், அதாவது தாய் வயிற்றில் உருவாகத் தொடங்கும் சிசுவில், நடுப்படை என்னும் இடை அடுக்கிலிருந்து பெருமளவில் தோன்றும், இங்குமங்கும் நகரக்கூடிய ஒருவகை இளங்கலங்களின் கூட்டத்திலிருந்தே என்பும் கசியிழையமும் நாணும் கொழுப்பும் உருவாகின்றன. குருதிக் கலங்களும் அந்த நடுப்படையின் வழி வந்தவையே. பிறந்த பிறகும் அந்த உறவு விட்டுப்போவதில்லை. செங்குழியங்கள் உற்பத்தியாகும் இடம் என்புக்குள் இருக்கும் செந்நிற மச்சை. ஒரு செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் சுற்றிவிட்டு அழியும்போது, அதற்குப் பதிலாக வருவதும் அங்கிருந்துதான்.

இப்போது நரம்பைப் பற்றிய எதிர்க்கேள்வி. நரம்பிழையம் முளையத்தின் வெளிப்படையிலிருந்து, அதாவது மேற்றோல் வரும் அதே படையிலிருந்து உருவாகிறது. அதைவிட முக்கியமாக, அங்கே செய்தியைக் கொண்டு செல்வது கலமே. முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியிலுள்ள ஒரு நரம்புக் கலம் இழைபோன்ற தன் முளையை ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் பாதம்வரை நீட்டிக்கொண்டு, தன் உடல் வழியாகவே கணத்தாக்கம் என்னும் செய்தியைக் கடத்துகிறது. குருதியில் எந்தக் கலமும் அப்படி நீள்வதில்லை. தொடர்புபடுத்துதல் என்ற வேலை இரண்டுக்கும் பொதுவாக இருந்தாலும் கட்டமைப்பில் இரண்டுக்கும் ஒற்றுமை இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். தசையிழையத்தில் வன்கூட்டுத் தசை, மழமழப்பான தசை, இதயத் தசை என்ற மூன்றையும் அவர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

கண்ணாடித்தட்டு, கண்டி:

ஆசிரியர் ஐயாவின் விளக்கம் தெளிவானது. நான் ஆய்வுகூடத்தில் முப்பது ஆண்டுகள் இழையத் துண்டுகளை வெட்டிச் சாயமூட்டி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஓர் இடத்தில் மட்டும் ஒரு வரி சேர்க்க விரும்புகிறேன்.

மற்றத் தொடுப்பிழையங்களில் தாயத்தைச் சுரப்பது அந்தந்த இழையத்தின் கலங்களே. கசியிழையக் கலம் தன்னைச் சுற்றிய பசையைத் தானே உண்டாக்கி, அதற்குள் தானே சிறைப்பட்டுக் கிடக்கிறது. என்புக் கலமும் அவ்வாறே. ஆனால் குருதியின் திரவவிழையத்தைச் செங்குழியமோ வெண்குழியமோ சுரப்பதில்லை. அதிலுள்ள அல்புமின், பைபிரினோஜன் முதலிய முக்கியமான புரதங்களை உண்டாக்குவது ஈரல். இந்தக் காரணத்தால், குருதியைத் தொடுப்பிழையத்தில் சேர்ப்பதா, தனியாக வைப்பதா என்று இழையவியல் படித்தவர்களே தயங்குவதுண்டு. பரீட்சைக்கு அது தொடுப்பிழையம்தான். இருப்பினும், அந்தப் பெட்டிக்குள் குருதி கொஞ்சம் நெளிந்துகொண்டுதான் அமர்ந்திருக்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

தொடுப்பிழையம் என்றால் கலம், நார், அவற்றுக்கிடைப்பட்ட பொருள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்பார்கள். குருதியில் நார் எங்கே என்று அடுத்து அந்தப் பிள்ளை கேட்கக்கூடும். அதற்குரிய விடை அவள் கணுக்காலிலேயே இருந்தது. குருதியின் நார் பைபிரினோஜனாகக் கரைந்த நிலையில் காத்திருக்கிறது. காயம் ஏற்பட்டவுடன் துரொம்பின் என்னும் நொதியம் அதைப் பைபிரின் நூல்களாக மாற்றுகிறது. அந்த நூல்கள் வலையாகப் பின்னிக் குழியங்களையும் சிறுதட்டுக்களையும் பிடித்து வைப்பதைத்தான் உறைதல் என்கிறோம். அட்டையின் உமிழ்நீரில் அந்தத் துரொம்பினைக் கட்டிப்போடும் புரதம் இருக்கிறது. ஆகவே நார் பின்னப்படுவதில்லை, அட்டை விழுந்த பின்பும் குருதி நீண்ட நேரம் வழிந்துகொண்டேயிருக்கிறது. மருத்துவ அட்டையின் சாறு குருதியை உறையவிடாது என்பதை 1884ஆம் ஆண்டில் ஜோன் ஹேக்ராஃப்ட் என்பவர் காட்டினார். நம் மலையில் காலில் உப்பையும் சவர்க்காரத்தையும் தேய்த்துக்கொண்டு மலையேறுபவர்களுக்கு அதன் விளைவு பரம்பரை பரம்பரையாகவே தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் அந்தக் கடி காட்டுகிறது. மேற்றோலில் குருதிக்குழாய்கள் கிடையாது. மேலணியிழையத்துக்கே உரிய இயல்பு இது. தனக்குத் தேவையானதைக் கீழேயுள்ள தொடுப்பிழையத்திலிருந்து ஊறி வருவதாகவே அது பெற்றுக்கொள்கிறது. ஆகவே அட்டை உணவு தேட வேண்டுமானால் மேலணியைத் துளைத்து, அதன் கீழுள்ள தொடுப்பிழையம் வரை போயாக வேண்டும். சவரம் செய்யும்போது மிக மெல்லிய படலம் மட்டும் சீவப்பட்டால் குருதி வருவதில்லை, சற்று ஆழமாகப் பட்டால் வருகிறது என்ற வேறுபாடும் இதுவே.

இந்த வகைப்பாடு பரீட்சைக்கு மட்டும் உரியது என்று பிள்ளைகள் நினைக்காமலிருக்க ஒன்று சொல்கிறேன். நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்ட ஒரு சிறு துண்டு எங்கள் மேசைக்கு வந்தால், அதைப் போமலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு தடிப்பில் சீவி, இரு சாயங்களை ஊட்டுவோம். கலங்களின் கருக்கள் நீலம் கலந்த ஊதாவாகவும், கொலாஜன் நார்கள் இளஞ்சிவப்பாகவும் தெரியும். அந்த நிறங்களைக் கொண்டு நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, இது எந்த இழையம் என்பதே. மேலணியிலிருந்து பிறந்த புற்றுக்கு ஒரு பெயர், என்பு, தசை, கொழுப்பு போன்றவற்றிலிருந்து பிறந்த புற்றுக்கு வேறொரு பெயர். சிகிச்சையும் அதற்கேற்ப மாறும்.

இதில் நம் மலையகத்துக்கு நெருக்கமான ஒன்று வாய்ப்புற்று. இலங்கையின் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுவே. வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் படைகொண்ட செதின் மேலணியிலிருந்தே அநேகமாக அது எழுகிறது. வெற்றிலையோடு மெல்லும் பாக்கு, புகையிலை சேராமல் தனித்தே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. பாக்கு கெடுப்பது மேலணியை மட்டுமன்று. மேலணியின் கீழேயுள்ள தொடுப்பிழையத்தில் கொலாஜன் நார்கள் மிகுந்து இறுகிப்போவதால், நாளடைவில் வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியாதவர்களும் உண்டு. ஒரே கண்ணாடித் தட்டில் இரண்டு இழையங்களும் ஒருங்கே கெட்டுப்போயிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலே ஊதா வரிசை குலைந்து கிடக்கும். கீழே இளஞ்சிவப்பு, காய்ந்த சேறுபோல இறுகிக் கிடக்கும்.

மாலைவகுப்பு, தலவாக்கலை:

இருவருக்கும் மிக்க நன்றி. லயத்தையும் நிழல் மரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நரம்பைப் பற்றிய பதிலை அந்தப் பிள்ளையிடம் நேற்றே வழியில் கண்டு சொன்னேன். ஏற்றுக்கொண்டாள் என்றே நினைக்கிறேன்.

விரலின் காய்ப்பைப் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. அதோடு இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பிள்ளைகளின் பாட்டிமார் பலருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். காலில் என்பு முறிந்தால் சில மாதங்களில் பொருந்திவிடுகிறது, ஆனால் என்பை விட மென்மையான கசியிழையம் தேய்ந்தால் ஏன் திரும்ப வளர்வதில்லை என்று கேட்டார்கள். இரண்டும் தொடுப்பிழையம் என்று நான் சொல்லிக்கொடுத்ததால் வந்த கேள்வி இது.

இயன்மருத்துவம், ஹட்டன்:

நான் இயன்மருத்துவப் பணியில் இருக்கிறேன். இந்த இரண்டு கேள்விகளோடும் வருபவர்களையே நாள்தோறும் பார்ப்பதால் எழுதுகிறேன்.

முதலில் விரல். அந்தக் காய்ப்பு மேலணியிழையத்தின் பகுதிதான், ஆனால் அதன் உயிரற்ற மேலடுக்கு. மேற்றோலின் அடிவரிசையில் உள்ள கலங்கள் ஓயாது பிரிகின்றன. புதியவை கீழிருந்து தள்ளத் தள்ளப் பழையவை மேலே ஏறுகின்றன. ஏறும் வழியில் கெரற்றின் என்னும் புரதத்தால் நிரம்பி, கருவை இழந்து, தட்டையாகி இறந்து, கடைசியில் அழுக்குபோல உதிர்ந்துவிடுகின்றன. இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். ஒரே இடம் தொடர்ந்து உராய்ந்து அழுத்தப்பட்டால் அடிவரிசை வேகமாகப் பிரிந்து, இறந்த அடுக்கு உதிர்வதை விட விரைவாகச் சேர்ந்துவிடுகிறது. ஊசி குத்தினால் வலிக்காமலிருப்பது, அது அந்த இறந்த அடுக்குக்குள்ளேயே நின்றுவிடுவதால்தான். சற்று ஆழமாகக் குத்திப் பார்க்கும்படி பையனிடம் சொல்லிவிடாதீர்கள். கறுப்பு நிறம் தோலின் நிறமன்று. கொழுந்தின் சாற்றிலுள்ள பொருட்கள் காற்றுப் பட்டுக் கறுத்து, கெரற்றினோடு ஒட்டிக்கொள்வதால் வரும் கறை அது. வேலைக்குப் போகாமல் சில வாரங்கள் இருந்தால் காய்ப்பும் கறையும் சேர்ந்தே உதிர்வதை அந்தத் தாயே கவனித்திருப்பார்.

இனி முழங்கால். என்பும் கசியிழையமும் ஒரே குடும்பமாக இருந்தாலும், ஒன்றுக்குக் குருதிக்குழாய்கள் தாராளமாக உண்டு, மற்றதற்கு அறவே இல்லை. முறிந்த என்பிலிருந்து கசியும் குருதியே பழுதுபார்க்கும் வேலையைத் தொடக்கிவைக்கிறது. கலங்களும் மூலப்பொருட்களும் அந்த வழியாகவே வந்து சேருகின்றன. மூட்டின் கசியிழையத்துக்கு அந்தப் பாதை இல்லை. அதன் எடையில் பெரும்பகுதி நீர். நாம் நடக்கும்போது அழுத்தப்பட்டு நீரை வெளிவிட்டு, காலைத் தூக்கும்போது மூட்டுத் திரவத்தை மீண்டும் உறிஞ்சி, பஞ்சுபோல அது தன் உணவைப் பெறுகிறது. கலங்களும் எண்ணிக்கையில் மிகக் குறைவு. தாயத்துக்குள் தனித்தனிக் குழிகளில் அடைபட்டிருப்பதால் அவை காயத்தை நோக்கி நகர்ந்து செல்ல முடியாது. ஆகவே ஒருமுறை தேய்ந்தது தேய்ந்ததாகவே இருந்துவிடுகிறது.

அடிக்கடி தவறாக விளங்கிக்கொள்ளப்படும் ஒன்று உண்டு. கசியிழையத்தில் நரம்பும் இல்லை. தேய்வதே வலிக்கிறது என்று பாட்டிமார் சொல்வார்கள். உண்மையில் வலி எழுவது கீழேயுள்ள என்பிலிருந்தும், மூட்டைச் சுற்றியுள்ள சவ்விலிருந்தும் நாரிலிருந்தும்தான். வலி தொடங்கும்போது தேய்வு வெகுதூரம் போய்விட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூடை நிறையக் கொழுந்தைச் சுமந்துகொண்டு, அதை நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கும்போது, சமதரையில் நடப்பதை விட முழங்காலின் மேல் அதிகப் பாரம் விழுகிறது. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது முழங்கால் வாங்குகிறது என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். அதைவிடச் சரியாக நானும் சொல்ல முடியாது.

என்பையும் என்பையும் கட்டும் இணைப்பு நார்கள் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவை. அவற்றில் குருதிக்குழாய் கொஞ்சம் உண்டு, போதாது. கணுக்கால் சுளுக்கு ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆவதும், வீக்கம் வடிந்தவுடன் மலையேறியவர்கள் மறுபடி அதே காலோடு வருவதும் இதனால்தான். தசை குருதி நிறைந்தது, விரைவில் தேறிவிடும். இதயத் தசையை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. குருதி நிறைய ஓடினாலும் அதன் கலங்கள் அநேகமாகப் பிரிவதில்லை. இளவயதினரிலும் ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒன்று அளவே புதுப்பிக்கப்படுகின்றன. மாரடைப்பில் இறந்த தசையின் இடத்தை நிரப்புவது தழும்பு, அதாவது தொடுப்பிழையம். அது இறுகிப் பிடித்திருக்கும், ஆனால் துடிக்காது.

சொற்குறிப்பு, பண்டாரவளை:

ஒரு சிறு நடைமுறை விடயம். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கிறார்கள். அங்கே இழையத்தைத் திசு என்பார்கள், கலத்தைச் செல் என்பார்கள், குருதியை இரத்தம், கசியிழையத்தைக் குருத்தெலும்பு, தொடுப்பிழையத்தை இணைப்புத் திசு, மேலணியை எபிதீலியம் என்பார்கள். இரண்டும் வேறு வேறு பொருட்கள் என்று நினைத்து, விடைத்தாளில் இரண்டையும் தனித்தனியே எழுதிய ஒரு மாணவனின் தாளை நான் பார்த்திருக்கிறேன். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட்டால் நல்லது.

இழையம் என்ற நம் சொல் எனக்குப் பிடித்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பிரெஞ்சு மொழியில் நெய்யப்பட்டது என்று பொருள்படும் சொல்லே உடலின் பாகங்களுக்குப் பெயராக வந்தது. அதைத் திசு என்று ஒலிபெயர்த்தபோது தறி மறைந்துவிட்டது, இழையம் என்றபோது நூல் கையில் மிஞ்சியது. அந்தச் சொல்லை உடற்கூற்றியலில் நிலைநாட்டியவர் பிரான்சின் சேவியர் பிஷா. நுணுக்குக்காட்டியை நம்பாத அவர், வெட்டியும் அவித்தும் உலர்த்தியும் அமிலத்தில் ஊறவைத்தும் பார்த்து, மனித உடலில் 21 வகை இழையங்கள் உள்ளன என்று வகுத்தார். 1802ஆம் ஆண்டு இறக்கும்போது அவருக்கு வயது 30. இன்று நாம் நான்காகச் சுருக்கிப் படிப்பது பின்வந்தவர்கள் நுணுக்குக்காட்டியின் வழியே பார்த்ததன் பயன். இருபத்தொன்றை மனனம் செய்யவேண்டிய நிலை வரவில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னால் நான்கை மகிழ்ச்சியோடு படிப்பார்கள்.

மாலைவகுப்பு, தலவாக்கலை:

இன்றைய வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். நிழல் மரம் நன்றாகவே பிடிபட்டது. ஆனால் அதே மாணவி, “அப்படின்னா பல்லும் என்பு மாதிரி இறுகித்தானே இருக்கு, பல்லின் மிளிரியும் தொடுப்பிழையமா?” என்று கேட்டுவிட்டாள். ஆம் என்று சொல்ல வாயெடுத்து, பிறகு நிறுத்திக்கொண்டேன்.

பதுளை உயிரியல்:

நிறுத்தியது நல்லதாயிற்று. பல்லின் உட்பகுதி நடுப்படை போன்ற இளங்கலங்களின் வழி வந்தது, அதை என்போடு ஒப்பிடலாம். மேலே பளபளக்கும் மிளிரி அப்படியல்ல. அதைச் சுரந்தவை மேலணிக் கலங்கள். பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்போது அந்தக் கலங்கள் அழிந்துபோய்விடுகின்றன. எடையில் ஏறத்தாழ 96 வீதம் கனியுப்பாக இருக்கும் அந்தப் படலத்தில் உயிருள்ள கலம் ஒன்றுகூட இல்லாததால், அது தேய்ந்தால் திருத்த ஆளில்லை. ஆகவே நான்கு பெட்டிகளில் எதிலும் அதைப் போட வேண்டாம். மேலணியிழையம் உண்டாக்கிவிட்டுப் போன பொருள் என்று சொல்லுங்கள். உடலிலேயே மிகக் கடினமான பொருளை உண்டாக்கியது என்பின் குடும்பமன்று, தோலின் குடும்பம் என்பதைக் கேட்டால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று எழுதுங்கள்.